பதினெட்டாம் தேதி, சாயங்காலம் நாலரை மணி

எஸ்டிமேட் போடுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கள் கையால் ஒரு நாளும் செய்திராத வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கொஞ்சமும் கூசாமல் சொல்லிவிடுவோம். நான் பன்னிரண்டு வருடமாக இப்படிச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் ஃப்யூஸ் போனால் போடுவது என் கணவர். (அவர் பேங்கில் வேலை பார்க்கிறார். எலக்ட்ரிகல் எஞ்சினீயர் நான்தான்.)

அந்தப் பழக்கத்தால் நான் செய்த தப்புகளில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மறக்கவில்லை. மறக்க விடவும் மாட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. படிப்பை முடித்து, சிங்காநல்லூரில் ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரின் ஆபீசில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீடுகள், மில் ஷெட்டுகள், ஆஸ்பத்திரிகள் என்று ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிற கம்பெனி. நான் எஸ்டிமேட் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும். விளக்கு, ஃபேன், பிளக் என்று ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். கட்டட பிளானில் பாயிண்டுகளை எண்ணி, ஒரு பாயிண்டுக்கு ஒயர் இழுத்து சுவிட்ச் மாட்டி முடிக்க ஆகும் நேரத்தால் பெருக்கினால் மொத்த மணி வரும். அதை வைத்துத்தான் எத்தனை ஆள், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதெல்லாம்.

எங்கள் முதலாளி அந்த மொத்தத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துப் போடுவார். எதற்கு என்று கேட்டேன்.

"டீத்தண்ணி, மழை, எளவு, நோம்பின்னு அல்லாம் இருக்குதுல்ல கண்ணு."

"அது ஏன் சார் மூணுல ஒரு பங்கு? நாலுல ஒண்ணா இருக்கக்கூடாதா?"

அவர் யோசித்தார். "எங்கப்பா அப்புடித்தான் போடுவாருங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருடம் எஞ்சினீயரிங் படித்துவிட்டு, ஒருவருடைய அப்பா போட்ட கணக்கையா நான் போடுவது? நேரத்தை அளந்து பார்த்துவிட்டே மறுவேலை என்று முடிவு செய்தேன். முதலாளியிடம் அனுமதி கேட்டபோது அவர் மறுக்கவில்லை. யாருக்கும் எதையும் மறுக்காத மனிதர் அவர்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை, கட்டி முடியும் நிலையில் இருந்த ஒரு வீட்டில், வெள்ளிங்கிரி அண்ணன் முன்னால் போய் நின்றேன். கையில் ஒரு அட்டை, பேனா, ஸ்டாப்வாட்ச் ஓடுகிற செல்போன். வெள்ளிங்கிரி அண்ணன் எங்கள் கம்பெனியின் ஒயர்மேன்களில் கெட்டிக்காரர். முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயதிருக்கும். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ உண்டு. சுவரில் ஆணி இறங்காவிட்டால் ஆணியிடம்கூட "எறங்குங்க" என்பார் என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள்.

"அண்ணா, நீங்க எப்பவும் போல வேலை செய்யுங்க. நான் இருக்கறதையே மறந்துடுங்க" என்றேன்.

"சரிங்க அம்மணி" என்றார்.

அதன் பிறகு அவரும் அவருடைய ஜோடி ஆளும் செய்த வேலையை என்னால் மறக்கவே முடியாது. ஏணியில் ஏறுவதும் இறங்குவதும் ஒயர் இழுப்பதுமாகக் கை ஓடிக்கொண்டே இருந்தது. பதினொரு மணிக்கு டீ வந்தது. முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். "வேண்டாம்ணா, நான் டீ குடிக்கமாட்டேன்" என்றேன். (முகம் கறுத்துவிடும் என்று அப்போது ஒரு நம்பிக்கை.) அவர் கொஞ்ச நேரம் டம்ளரோடு நின்றார். பிறகு அதைத் திருப்பி வைத்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டார். நாலு மணி டீக்கும் அதே கதை. மத்தியானம் நான் நின்றபடியே தயிர் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டேன். நான் டப்பாவை மூடுவதற்குள் அவரும் கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அட்டையில் ‘தேநீர் இடைவேளை – பூஜ்யம்’ என்று எழுதி, அடிக்கோடு போட்டேன்.

எட்டு மணி நேரத்தில் இருபது பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இருபத்து நாலு நிமிடம். எங்கள் முதலாளியின் அப்பாவை வென்றுவிட்ட சந்தோஷத்தில் அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரமே போத்தனூர் பக்கம் ஒரு புதுக் கல்யாண மண்டபத்தின் வேலை விலை கேட்டு வந்தது. நானூறு பாயிண்ட். பைப்பெல்லாம் கட்டும்போதே போட்டிருந்தார்கள். ஒயர் இழுத்து, லைட் மாட்டி, மெயின் போர்டை இணைத்துக் கொடுக்க வேண்டும். நானூறை இருபத்து நாலால் பெருக்கினேன். நூற்று அறுபது மணி நேரம். இரண்டு ஜோடி ஆள் போட்டால் சரியாகப் பத்து நாள். மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்கவில்லை. அது விஞ்ஞானம் இல்லையே! நான் அளந்த வீட்டின் கூரை பத்தடி உயரம், மண்டபத்தின் கூரை இருபத்திரண்டு அடி, அங்கே ஏணி எட்டாது, சாரம் கட்டி அதை இழுத்து இழுத்து நகர்த்த வேண்டும் என்பதும் என் தலையில் ஏறவில்லை. பிளானில் எல்லாக் கூரையும் ஒரே தாளில்தானே இருக்கிறது.

மற்ற கம்பெனிகளைவிட எங்கள் விலை குறைவு, நாளும் குறைவு. வேலை எங்களுக்கே கிடைத்தது. நான் கலர் கலராக ஒரு அட்டவணை அடித்தேன். ஒன்பதாம் தேதி தொடக்கம். முடிவு, பதினெட்டாம் தேதி, சாயங்காலம் நாலரை மணி. (அந்த நாலரையை எங்கிருந்து பிடித்தேன் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்கே தெரியாது.) மண்டபத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இருபத்தோராம் தேதிக் கல்யாணம் ஒன்றை ஒப்புக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு.

வெள்ளிங்கிரி அண்ணன் ஆபீசுக்கு வந்து அந்தத் தாளைப் பார்த்தார்.

"பதினெட்டுல முடிஞ்சு போயிருமுங்களா அம்மணி?"

"முடிஞ்சிடும்ணா."

"நாலரைக்குங்களா?"

"நாலரைக்கு."

"அப்ப இருவதாந் தேதி நான் லீவு எடுத்துக்கலாமுங்களா? என்ற தங்கச்சி புள்ளைக்குக் காது குத்தறதுங்க. நாந்தானுங்க மாமன். நீங்க தேதி சொன்னாச் சொந்தபந்தத்துக்குச் சொல்லிப் போடுவமுங்க."

அவருக்குக் கூடப் பிறந்தது தங்கை ருக்மணி ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். தோடும் துணியும் அவர் சீர். குலதெய்வம் கோயில் ஆனைமலைக்குப் பக்கத்தில். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நான் பெரிய மனது பண்ணி, "தாராளமா எடுத்துக்கங்கண்ணா. நடுவுல ஒரு நாள் ரெஸ்ட்டே கிடைக்கும்" என்றேன். அவர் அந்தத் தாளில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தங்கையிடம் காட்ட வேண்டுமாம்.

பிறகு நடந்ததைச் சொல்வதற்கு எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வேலை தொடங்கி ஐந்தாம் நாளே நிலவரம் சரியில்லை என்று சைட்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. தினமும் போன் போட்டு, "எப்படிப் போகுதுண்ணா?" என்பேன். "போய்ட்டிருக்குதுங்க அம்மணி" என்பார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். ‘போய்ட்டிருக்குதுங்க’ என்றால் போகவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஆனால் நான் என் அட்டவணையில் அன்றைய கட்டத்துக்குப் பச்சை அடித்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

பதினெட்டாம் தேதி நாலரை மணிக்கு, முடிந்த வேலையைப் படம் எடுக்கலாம் என்று மண்டபத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் சாரம். கூரையெங்கும் ஒயர் முனைகள் தொங்கின. நூறு பாயிண்டுக்கு மேல் பாக்கி. மெயின் போர்டு திறந்தபடி கிடந்தது. நாலு பேரும் முகம் சுண்டிப்போய், பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளிங்கிரி அண்ணன் சாரத்தின் மேலிருந்து என்னைப் பார்த்து, "வாங்க அம்மணி" என்று வரவேற்றார்.

பத்தொன்பதாம் தேதி முழுக்க வேலை நடந்தும் எண்பதுக்கு மேல் பாக்கி இருந்தது. முதலாளி வேறு சைட்டிலிருந்து ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தார். லைட் மாட்ட ஆள் கிடைத்தது. ஆனால் மெயின் போர்டும் ஜெனரேட்டர் இணைப்பும் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரிந்த கையால்தான் ஆகவேண்டும். அந்தக் கை ஒன்றே ஒன்றுதான். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவார்கள்.

அவரை எப்படிக் கேட்பது என்று நானும் முதலாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"அங்க நானில்லாட்டியும் காது குத்திருவாங்க சார். இங்க கலியாணங்க. இருட்டுல தாலி கட்டச் சொல்ல முடியுங்களா?" என்றார்.

பிறகு தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன சிவப்பு டப்பாவை எடுத்தார். உள்ளே கடுகளவு சிவப்புக் கல் வைத்த தோடு. அவர் மனைவி முந்தின நாளே கோயிலுக்குப் போய்விட்டார். தோடு மட்டும் மாமன் கையோடுதான் வரவேண்டும் என்று இவர் வைத்திருந்தார். அதை யார் கொண்டுபோவது? அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் ஒரு வேலையும் தெரியாத ஆள் நான்தான்.

"நான் கொண்டு போறேண்ணா" என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே ஈச்சனாரியில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். மூன்று மணி நேரம் தாராளமாகப் போதும் என்று எஸ்டிமேட் போட்டிருந்தேன். (சிரிக்க வேண்டாம்.) பொள்ளாச்சியில் சந்தை நாள் கூட்டம். ஆனைமலை பஸ் நிரம்பி வழிந்தது, அடுத்ததற்குக் காத்திருந்தேன். இறங்கி ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து அடிக்கப் பத்து நிமிடம்.

வேப்ப மரத்தடியில் நூறு பேர் இருப்பார்கள். ஒரு பக்கம் சமையல் நடந்துகொண்டிருந்தது. காது குத்துகிற ஆசாரி பாயில் தயாராக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து வேர்த்து வழிந்து, சுடிதாரோடு இறங்கியது நான்.

ருக்மணி குழந்தையோடு முன்னால் வந்தாள். அண்ணன் போல ஒல்லி, அண்ணன் போலவே கண். நான் டப்பாவை நீட்டினேன்.

"அண்ணனால வரமுடியலீங்க. வேலை முடியல. நான் ஆபீஸ்ல..."

"தெரியுமுங்க. அண்ணன் போன் பண்ணுச்சுங்க" என்றாள். "நீங்கதானுங்களே அந்தக் கலர் தாளு போட்டவீங்க?"

தலையாட்டினேன்.

"நல்லா இருந்துச்சுங்க அது. எங்க ஊட்டுல எல்லார்த்துக்கும் காட்டுனமுங்க. அதப் பாத்துத்தானுங்க தேதி வெச்சோம்."

என் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ‘ங்க’க்கள் ஒவ்வொன்றும் விழுந்த மாதிரி எதுவும் என் மேல் விழுந்ததில்லை.

ஒரு பெரியவர், நேரம் போகிறது, பெரியப்பா பையன் ஒருவன் இருக்கிறானே, அவனும் அண்ணன் முறைதானே, அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார். ருக்மணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

"வேண்டாமுங்க. என்ற அண்ணன வரவுடாமப் பண்ணுனது இவீங்கதானுங்க. அண்ணன் எடத்துல இவீங்களே உக்காரட்டுமுங்க."

பொம்பளை எப்படி மாமனாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆசாரி மணியைப் பார்த்தார். "யாரோ ஒருத்தரு சீக்கிரமா உக்காருங்க சாமி, பத்தரைக்கு மேல நான் ஊசியத் தொடமாட்டேன்" என்றார். யாரோ என் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். நான் பாயில் உட்கார்ந்தேன். ஒருவர் என் தலையில் உருமால் கட்டினார். மாமன் தலையில் கட்டவேண்டியது அது. அளவு பெரிதாகிக் கண் வரைக்கும் இறங்கியது. குழந்தையை மடியில் வைத்தார்கள்.

குழந்தையின் பெயர் கனிஷ்கா. ஒரு வயது முடிந்து மூன்று மாதம். என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் சுடிதாரை நனைத்தாள். வலது காதில் ஊசி ஏறியதும் என் மூக்கைப் பிடித்துத் திருகினாள். இடது காதுக்கு என் கட்டை விரலைக் கடித்தாள். நாலே நாலு பல்தான். ஆனால் நாலும் வேலை செய்தன.

அந்த நேரத்தில் ருக்மணியின் புருஷன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் குழந்தையின் முகத்தருகே நீட்டினார். பின்னால் ட்ரில் மெஷின் ஓடுகிற சத்தம். அது நின்றது. மண்டபத்திலிருந்து வெள்ளிங்கிரி அண்ணன் பேசினார்.

"அழுவாதீங்க கண்ணு. மாமா இங்கதானுங்க இருக்கறேன். அழுவாதீங்க சாமி."

குழந்தை போனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, இன்னும் பெரிதாக அழுதது. நானும் அழுதுவிட்டேன். உருமால் கண்ணை மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டோவில் நன்றாகத் தெரிகிறது.

"குத்தியாச்சுங்களா? ரெண்டு காதும் லெவலா இருக்குதுங்களா?" என்று போனில் கேட்டார். ஆசாரி குனிந்து பார்த்து, "லெவலுங்க" என்று பதில் சொன்னார்.

அவ்வளவு நடந்தும் என்னைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. ருக்மணியே இலை போட்டுப் பரிமாறினாள். கோபம் குறையவில்லை, ஆனால் சோறு மூன்று முறை வந்தது. கடைசியில் டீ கொண்டுவந்தாள். இந்த முறை வேண்டாமென்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாங்கிக் குடித்தேன். அவள் அதைப் பார்த்தபடி எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க டீ குடிப்பீங்களா? அண்ணன் குடிக்கமாட்டீங்கன்னு சொல்லுச்சுங்களே."

"எப்ப சொன்னாங்க?"

"நீங்க கெடியாரம் புடிச்சுட்டு நின்னீங்களாமா, அன்னைக்குங்க. நானும் அன்னைக்கு அண்ணன் ஊட்டுலதானுங்க இருந்தேன். வந்து கையத் தூக்க முடியாமப் படுத்துட்டாருங்க. என்னண்ணான்னு கேட்டா, புள்ள புதுசா வேலைக்கு வந்திருக்குது, பாவம், நாளு முச்சூடும் நின்னுட்டே இருந்துச்சு, அது டீ கூடக் குடிக்காம நிக்கறப்ப நான் எப்புடிக் குடிக்கறது, அதுக்கு நல்ல பேரு கெடைக்கட்டும்னு வெசையாச் செஞ்சு போட்டேன்னாருங்க. ரெண்டு நாளு வேலைக்கே போவலீங்க."

டம்ளர் என் கையிலேயே இருந்தது. நான் அன்று அளந்தது ஒரு பாயிண்டுக்கு ஆகும் நேரத்தை அல்ல. ஒரு மனிதருடைய மரியாதையை அளந்து, அதை நானூறால் பெருக்கி, அவர் தலையிலேயே கட்டியிருக்கிறேன். "மன்னிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னேன். அவள், "பாயாசம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

மண்டபத்தில் அன்று சாயங்காலம் ஐந்து மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, ஏ.சி. போதவில்லை என்று குறை சொன்னார்களாம். முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த எஸ்டிமேட்டில் நான் மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் பாதியைச் சேர்த்து நீட்டியபோது மட்டும், "எங்கப்பாவே இத்தன பயந்ததில்லைங்க கண்ணு" என்றார்.

கனிஷ்கா இப்போது ஏழாவது படிக்கிறாள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்தியதாக அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவில் இருப்பது நான். மூக்கு சிவந்து, கண் மறைய உருமால் கட்டி, யாரோ நாடகத்திலிருந்து பாதியில் ஓடிவந்த மாதிரி இருப்பேன். அவள் என்னை ‘எஸ்டிமேட் மாமா’ என்றுதான் கூப்பிடுவாள். போன தீபாவளிக்கு ஜவுளிக்கடையில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், "எஸ்டிமேட் மாமா!" என்று கத்தினாள். புடவை கட்டிக்கொண்டு நான் திரும்பினேன். கடை முழுக்கத் திரும்பியது.

அவர்கள் வீட்டு விசேஷம் ஒன்று பாக்கியில்லாமல் என்னை அழைக்கிறார்கள், நானும் போகிறேன். புதிதாக வந்த சொந்தக்காரர் யாராவது அந்தப் போட்டோவைப் பார்த்து, "இது யாருங்க?" என்று கேட்பார். உடனே வீடே சிரிக்க ஆரம்பித்துவிடும். கதையைச் சொல்ல வேண்டியவர் வெள்ளிங்கிரி அண்ணன். அது அவர் உரிமை, யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். மண்டபம், சாரம், ஆட்டோ, உருமால் என்று அவர் அழகாகச் சொல்வார். ஸ்டாப்வாட்சைப் பற்றி ஒரு வார்த்தை வராது. டீயைப் பற்றியும் வராது.

"அம்மணி போட்ட கணக்கு சரியாத்தானுங்க இருந்துச்சு. எனக்குத்தானுங்க அன்னைக்குக் கையே ஓடலீங்க. மெதுவாச் செஞ்சு போட்டனுங்க" என்று முடிப்பார்.

விளையாட்டுக்கோ, என்னைக் காப்பாற்றுவதற்கோ அப்படிச் சொல்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன மாதம் தனியாக இருக்கும்போது அவரிடம் கேட்டுவிட்டேன். கணக்கு தப்பு என்று, நான் செய்த தப்பை முழுதாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இல்லீங்க அம்மணி. நீங்க படிச்சவீங்க. அதுல நாலரை மணி வரைக்கும் போட்டிருந்துச்சுங்க" என்றார்.